வாக்ஸுக்கு முன் எந்தக் கிளீனர்? அறிகுறியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழி

கார் சாமான் கடையில் போய் "பெயின்ட் கிளீனர் குடுங்க" என்று கேட்டால் மூன்று வெவ்வேறு சரக்கு கைக்கு வரலாம். ஒன்று அழுக்கைக் கரைப்பது. இன்னொன்று பெயின்டில் ஒட்டிக் கிடப்பதை இழுத்து எடுப்பது. மூன்றாவது, பெயின்டின் மேல்தோலையே கொஞ்சம் தேய்த்து எடுப்பது. மூன்றும் செய்யும் வேலை வேறு, காருக்கு ஏற்படுத்தும் செலவும் வேறு. ஆனால் அட்டையில் எழுதியிருப்பது பல நேரம் ஒரே பெயர்தான்.

இந்தக் குழப்பத்தில் நம் ஊரில் எப்போதும் ஜெயிப்பது அந்த மூன்றாவது வகையான காம்பவுண்ட். "ஒரு காம்பவுண்ட் போட்டு விட்டா புதுசு மாதிரி ஆயிடும் சார்" என்று வாட்டர் வாஷ் கடையில் சொல்வது பொய்யில்லை, உண்மையிலேயே பளபளக்கும். ஆனால் இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்ற ஒரு படலம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது 35 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான், தலைமுடியின் தடிமன்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கு அதற்குள்தான் கலந்திருக்கிறது. கரடான காம்பவுண்ட் போடும் ஒவ்வொரு முறையும் அதில் சில மைக்ரான் போய்விடும், போனது திரும்ப வளராது. வினிகரில் போகிற கறைக்கும், க்ளே என்ற களிமண் போன்ற கட்டியில் போகிற பிசிறுக்கும் காம்பவுண்ட் போடுவது வீண் செலவு மட்டுமல்ல, பெயின்டின் ஆயுளைக் கரைப்பது.

அதனால் பாட்டிலைப் பார்ப்பதற்கு முன் காரைப் பார்க்க வேண்டும். இருப்பதிலேயே மென்மையானதில் தொடங்கி, அது தோற்றால் மட்டும் அடுத்ததற்குப் போக வேண்டும். கீழே அறிகுறி வாரியாகச் சொல்கிறேன்.

ஆரம்பச் சோதனை

காரை ஷாம்பு போட்டுக் கழுவி, துடைத்து, நிழலில் நிறுத்துங்கள். பானெட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஆறும்வரை எதையும் தொட வேண்டாம். இதில் வரும் எந்தச் சரக்கையும் சூடான தகட்டில் போடக்கூடாது, நொடியில் காய்ந்து தடம் விழும்.

காய்கறி வாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட், ரூஃப், டோரின் கீழ்ப்பகுதி என்று லேசாகத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத பிசிறெல்லாம் கவர் வழியே பெரிதாகத் தெரியும். அடுத்து, போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, வெளிச்சம் விழும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். மூன்றாவது, வெளியே தெரியாத ஓர் இடத்தில், டோர் திறந்தால் தெரியும் ஓரம் போதும், வெள்ளைத் துணியில் கொஞ்சம் லேசான பாலிஷ் (காம்பவுண்டைவிட நுண்ணிய தேய்ப்புச் சரக்கு) தொட்டு நாலு முறை தேய்த்து, துணியில் என்ன நிறம் வருகிறது என்று பாருங்கள்.

சில கார்களை இந்த ஆட்டத்திலிருந்தே விலக்கிவிடுங்கள். மேட் ஃபினிஷ் பெயின்ட் என்றால் இதில் எதுவும் வேண்டாம். தேய்த்த இடம் பளபளக்கத் தொடங்கி, அதைத் திரும்ப மேட் ஆக்க முடியாமல் போகும். செராமிக் கோட்டிங் போட்ட காரில் தேய்க்கும் வகைக் கிளீனரைப் போட்டால், காசு கொடுத்துப் போட்ட கோட்டிங்கைக் கையாலேயே எடுத்ததாகிவிடும். டிங்கரிங் முடித்துப் புதிதாகப் பெயின்ட் அடித்த பாகம் இருந்தால், அந்தப் பெயின்டில் இருக்கும் கரைப்பான் வெளியேற அவகாசம் வேண்டும். பெயின்டைப் பொறுத்து 30 முதல் 90 நாள் வரை வாக்ஸ் போட வேண்டாம் என்பார்கள். அடித்துக் கொடுத்தவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

கழுவித் துடைத்த பிறகும் தடவினால் மணல் மாதிரி கரகரப்பு

வாக்ஸ் போடப் போகும் பெரும்பாலான கார்களில் இருப்பது இதுதான். ஷாம்புவுக்கு அசையாமல் பெயின்டில் குத்தி நிற்கும் துகள்கள். பிரேக் பேடிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் பறக்கும் இரும்புத்தூள், தொழிற்சாலைப் புகையில் வரும் பொடி, பக்கத்து அபார்ட்மென்டில் ஸ்ப்ரேயில் பெயின்ட் அடித்தபோது காற்றில் வந்த துளிகள், இவையெல்லாம் சேர்ந்த கூட்டு. தண்டவாளத்துக்குப் பக்கத்தில், அதாவது தாம்பரம் - கடற்கரை மின்ரயில் பாதையை ஒட்டியோ ஸ்டேஷன் பார்க்கிங்கிலோ, நாள் முழுக்க நிற்கும் காரில் இரும்பு கூடுதலாகவே இருக்கும்.

முதலில் அது இரும்பா என்று பாருங்கள். வெள்ளைக் காரென்றால் வேலை சுலபம்: பின் டோர், டிக்கி, பின் பம்பர் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். "பாடி துருப்பிடிக்குது" என்று பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். பெரும்பாலும் துருப்பிடிப்பது காரின் தகடு இல்லை, மேலே வந்து குத்திய துகள்தான்.

இதற்கு அயர்ன் ரிமூவர். உள்ளே இருப்பது தயோகிளைகோலேட் வகை உப்பு. பியூட்டி பார்லரில் முடியைச் சுருட்டப் போடும் மருந்தும் இதே குடும்பம், அந்த நாற்றமும் அதனால்தான். காய்ந்த, குளிர்ந்த டோரில் அடித்துவிட்டு நின்று பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. ஒரு நிமிடத்தில் அங்கங்கே ஊதாப் புள்ளி முளைக்கும். பிறகு ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு ஊதாக் கோடு கீழே வழியத் தொடங்கும். சுத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்த டோர் மை கொட்டியது போல நிற்கும். பாட்டிலில் சொன்ன நேரம் வரை, பொதுவாக 3 முதல் 5 நிமிடம், விட்டுவிட்டு, காய்வதற்கு முன் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஊதாவே வரவில்லையென்றால் இரும்பு இல்லை என்று அர்த்தம், இன்னொரு முறை அடிப்பதால் பயனில்லை.

அலசியபின் மறுபடி கவர் சோதனை. கரகரப்பு மிச்சம் இருந்தால் க்ளே பார். ஜப்பானிலிருந்து வந்த இந்தக் களிமண் போன்ற கட்டி 1990களில்தான் உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முன்பு இதே வேலைக்குப் பெரும்பாலும் தேய்ப்பதுதான் வழி. 100 கிராம் கட்டி வாங்கினால் முழுதாகப் பிடித்துத் தேய்க்காதீர்கள். நாலாக வெட்டி, ஒன்றை உள்ளங்கையில் பிசைந்து, மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாக்குங்கள். பெயின்ட் மேல் எப்போதும் ஷாம்பு தண்ணீரோ க்ளேயோடு வந்த திரவமோ சொட்டச் சொட்ட இருக்க வேண்டும். அழுத்தாமல், நேர்கோட்டில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வட்டமாக வேண்டாம்.

எப்போது நிறுத்துவது என்பதைக் காதும் கையும் சொல்லும். ஆரம்பத்தில் க்ளே பிடித்துப் பிடித்து நகரும், மெல்லிய சரசரப்புச் சத்தமும் வரும். ஐந்தாறு முறை போனதும் சத்தம் அடங்கி, வழுக்கிக்கொண்டு போகும். அவ்வளவுதான், அடுத்த இடத்துக்குப் போங்கள். க்ளேயைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பாகியிருந்தால் மடித்துப் பிசைந்து புது முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்துவிட்டால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான். ஊதியோ கழுவியோ திரும்பப் பயன்படுத்தினால் ஒட்டிய மணல் பெயின்டைக் கீறிவிடும். நாலாக வெட்டச் சொன்னது இதற்காகவும்தான்.

கறுப்புக் காரில் க்ளே போட்டால் லேசான தேய்ப்புத் தடம் விழ வாய்ப்பு அதிகம். அதனால் கறுப்பு, கருநீலம், மெரூன் வைத்திருப்பவர்கள் க்ளேவுக்குப் பிறகு ஒரு மெல்லிய பாலிஷ் இருக்கும் என்று திட்டமிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். வெள்ளை, சில்வர்காரர்கள் க்ளே முடித்து நேராக வாக்ஸுக்குப் போகலாம்.

காய்ந்த சிமென்ட் தெறிப்பு மட்டும் இதில் சேராது. க்ளேயால் தேய்த்தால் சிமென்டோடு இருக்கும் மணலே கீறிவிடும். நகத்தாலோ பழைய ஏடிஎம் கார்டாலோ சுரண்டவும் வேண்டாம். வினிகரில் நனைத்த துணியை மேலே போட்டு ஊறவைத்து, இளகியதை அலசி, மறுபடி ஊறவைத்து என்று பொறுமையாகத்தான் எடுக்க வேண்டும். சிமென்ட் காரத்தன்மை உள்ளது. நாள் கணக்கில் இருந்தால் அடியில் பெயின்டையே மங்கவைத்திருக்கும். அது எந்தக் கிளீனருக்கும் முழுதாகப் போகாது.

வெள்ளை வெள்ளையாக வட்டத் தடங்கள்

போர் தண்ணியில் கழுவும் எல்லோர் வீட்டிலும் உள்ள கதை. தண்ணீர் ஆவியாகும், அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் ஆவியாகாது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500, கடினத்தன்மைக்கு வைத்திருக்கும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 600 உள்ள போர் தண்ணீர் ஒரு லிட்டர் காரின் மேல் துடைக்காமல் காய்ந்தால், அரை கிராமுக்கு மேல் உப்பு பெயின்டில் தங்கும். வாரம் ஒருமுறை என்று ஒரு வருடம் கழுவினால் என்ன சேரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஷாம்பு இதைத் தொடாது. வாக்ஸுக்கு முன் போடும் ப்ரீ-வாக்ஸ் கிளீனரும் பெரிதாக அசைக்காது. அதில் இருக்கும் கரைப்பான் எண்ணெய்ப் பசைக்கானது, உப்புக்கானது இல்லை. இதற்குத் தேவை மெல்லிய அமிலம், அது சமையலறையிலேயே இருக்கிறது. கடை வினிகரில் நாலு, ஐந்து சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். அதோடு சம அளவு தண்ணீர் கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, தடத்தின் மேல் விரித்து, ஓரிரு நிமிடம் விடுங்கள். மெதுவாகத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, உடனே காயத் துடையுங்கள். அலசுவதற்குக் கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணியிலேயே அலசினால் திரும்ப முதலிலிருந்து.

இப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். இங்கேதான் வழி பிரிகிறது.

வட்டம் போய்விட்டது என்றால், மேலே படிந்த உப்பு மட்டும்தான். வாக்ஸுக்குப் போகலாம். பாதி மங்கி, விளிம்பு தெரிகிறதென்றால் இன்னொரு முறை வினிகர். ஒரு மாற்றமும் இல்லையென்றால் இரண்டில் ஒன்று. சிலிக்கா கலந்த படிவாக இருக்கலாம், வினிகர் அதைக் கரைக்காது. அல்லது உப்பும் வெயிலும் சேர்ந்து கிளியர் கோட்டையே அரித்துக் குழியாக்கியிருக்கலாம். விரல் நுனியை நனைத்துத் தடவிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் படிவு, வழவழப்பாக இருந்தும் கண்ணுக்கு வட்டம் தெரிந்தால் அரிப்பு. இரண்டுக்குமே பாலிஷ்தான் வழி. ஆனால் அரிப்பு ஆழமானால் பாலிஷிலும் முழுதாகப் போகாது. மங்கலானதோடு திருப்திப்பட்டு நிறுத்துவதே புத்திசாலித்தனம். கடைசி வட்டத்தைத் துரத்திக்கொண்டு கிளியர் கோட்டை இழப்பதில் லாபமில்லை.

பாத்ரூம் டைல்ஸுக்கு வைத்திருக்கும் ஆசிட்டைத் தண்ணீர் கலந்து அடித்தால் சீக்கிரம் போகும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குரோம் பட்டை, அலாய் வீல், ஸ்க்ரூ தலை எல்லாவற்றையும் தின்றுவிடும். பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

தொட்டால் கை ஒட்டுகிறது

எங்கே நிறுத்தியிருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது இது.

தை, மாசியில் மாமரத்தடியில் நிறுத்திய காரின் மேல் பனி விழுந்தது போல் பொடிப் பொடியாக ஒட்டும் துளிகள் மரப்பிசின் இல்லை. பூவில் மொய்க்கும் தத்துப்பூச்சி வெளியேற்றும் தேன்கழிவு, கிட்டத்தட்டச் சர்க்கரைத் தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீரும் ஷாம்புவும் போதும். இதற்குக் கிளீனர் வாங்கிய காசு வீண். அப்படியே விட்டுவிட்டால் அதன் மேல் கறுப்புப் பூஞ்சை படரும், அப்போதுதான் பாடு.

உண்மையான பிசின் என்றால் சொட்டாக, அம்பர் நிறத்தில், கெட்டியாக நிற்கும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, சொட்டின் மேல் அரை நிமிடம் வைத்து, இளகியதும் துடைத்தெடுங்கள். வெளியே தெரியாத இடத்தில் முதலில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். குறிப்பாக மறுபெயின்ட் அடித்த காரில்.

டோரின் கீழ்ப்பகுதியிலும் வீல் ஆர்ச் ஓரத்திலும் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் தார். புதிதாக ரோடு போட்ட பக்கம் போய் வந்திருப்பீர்கள். தார் ரிமூவர் என்று விற்பது பெட்ரோலியக் கரைப்பான். மண்ணெண்ணெயும் வேலை செய்யும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தின் மேல் வாக்ஸ் பிடிக்காது, ரப்பர் பட்டையையும் ஊறவைத்துக் கெடுக்கும். எதைப் போட்டாலும் அதன்பின் அந்த இடத்தை மட்டும் ஷாம்புவில் மறுபடி கழுவுங்கள். வாட்டர் வாஷில் டீசல் கலந்த துணியால் ஒரு துடை துடைத்து "ஷைனிங்" காட்டும் பழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு. வாக்ஸ் போடப் போகும் அன்று அதை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வழவழப்பாக இருக்கிறது, ஆனால் முகத்தில் களையில்லை

கவர் சோதனையில் பாஸ், வெள்ளை வட்டமில்லை, கீறலும் பெரிதாக இல்லை. ஆனாலும் நிறம் எடுப்பாக இல்லை. பழைய வாக்ஸின் மிச்சம், புகையின் எண்ணெய்ப் பசை, கழுவக் கழுவ உள்ளே தேய்ந்து போன நுண்ணழுக்கு, எல்லாம் சேர்ந்த மெல்லிய படலம்தான் காரணம். ப்ரீ-வாக்ஸ் கிளீனர் என்ற சரக்கு பிறந்ததே இந்த ஒரு அறிகுறிக்காகத்தான். மற்ற அறிகுறிகளுக்கு அதை வாங்கி ஏமாறுபவர்கள்தான் அதிகம்.

இதிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் கரைப்பானும் சோப்பு வகைப் பொருளும் மட்டும்தான். இன்னொன்றில் அதோடு கயோலின் என்ற மென்களிமண்ணோ அலுமினியம் ஆக்சைடு பொடியோ சேர்ந்திருக்கும். எது எது என்று பாட்டிலில் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். ஆனால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்தச் சரக்கின் பாதுகாப்புத் தகவல் தாள் இருக்கும். அதைத் திறந்து மூன்று பெயர்களைத் தேடுங்கள்: பெட்ரோலியம் டிஸ்டிலேட், கயோலின், அலுமினியம் ஆக்சைடு. முதலாவது மட்டும் இருந்தால் பெரும்பாலும் கரைக்கும் வகை. கயோலின் இருந்தால் மிக மென்மையாகத் தேய்க்கும். அலுமினியம் ஆக்சைடு இருந்தால், அட்டையில் என்ன பெயர் இருந்தாலும், உங்கள் கையில் இருப்பது ஒரு பாலிஷ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிரமமெல்லாம் முடியாதென்றால் ஒரு சொட்டை இரு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பொடி தட்டுப்பட்டால் தேய்க்கும் வகை. தட்டுப்படாவிட்டால் மட்டும் உறுதி சொல்ல முடியாது, மிக நுண்ணிய பொடி விரலுக்குத் தெரியாது.

என் தேர்வு இப்படி: நாலைந்து வருடத்துக்கு உட்பட்ட, கிளியர் கோட் நன்றாக உள்ள காருக்குக் கரைக்கும் வகை அல்லது கயோலின் வகை. மெக்வையர்ஸ், மதர்ஸ் போன்றவர்கள் கிளீனர், பாலிஷ், வாக்ஸ் என்று மூன்று படியாகப் பிரித்து விற்பதில் முதல் படி பெரும்பாலும் இந்த இனம்தான். பத்து வருடம் ஓடிய, தினமும் வெயிலில் நிற்கும் காருக்கு இவ்வளவு படி தேவையில்லை. கிளீனர் வாக்ஸ் என்று ஒரே பாட்டிலில் சுத்தமும் வாக்ஸும் சேர்த்து வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். கார் ரசிகர்கள் மட்டமாகப் பேசுவார்கள், பேசட்டும். மூன்று பாட்டில் வாங்கி, நேரமில்லாமல் ஷெல்ஃபில் வைப்பதைவிட ஒரு பாட்டிலை வருடத்துக்கு மூன்று முறை போடுவது காருக்கு நல்லது.

போடும் முறையில் பெரிய ரகசியம் இல்லை. பானெட்டின் நடுவே மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் முதலில் செய்யுங்கள். ஃபோம் பேடில் பட்டாணி அளவு மூன்று சொட்டு, இரண்டடிக்கு இரண்டடி இடம், மிதமான அழுத்தம், காய்வதற்கு முன் மைக்ரோஃபைபரால் துடைத்துவிட்டு டேப்பை உரியுங்கள். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் முழுக் காருக்கும் போங்கள். தெரியாவிட்டால் இந்தக் கிளீனர் உங்கள் காரின் பிரச்சினைக்கானது இல்லை. இன்னும் பத்து முறை தேய்த்தாலும் அது மாறாது.

துணியில் காரின் நிறமே வருகிறது

வெள்ளைக் காரைத் துடைத்த துணியில் கறுப்பு வந்தால் அது அழுக்கு, சந்தோஷப்படுங்கள். சிவப்புக் காரில் சிவப்பு வந்தால் கொஞ்சம் நிறுத்துங்கள். கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்ட் என்று அர்த்தம். பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி எல்லாம் இப்படித்தான். பிற்காலக் கார்களிலும் ஒர்க்ஷாப்பில் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்டை மேலே கிளியர் அடிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பாகம் மட்டும் நிறம் விடும்.

இதில் நிறம் வருவது தப்பில்லை. வெயிலில் செத்து, சுண்ணாம்பு மாதிரி வெளுத்த மேல்படலம் வந்தால்தான் அடியில் இருக்கும் நிறம் தெரியும். கயோலின் வகைக் கிளீனரோ மென்மையான பாலிஷோ போட்டு, துணியை அடிக்கடி மாற்றிக்கொண்டு தேய்க்கலாம். பழைய பெயின்ட் வறண்டு கிடக்கும் என்பதால், எண்ணெய்ப்பசை அதிகமுள்ள, கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சு ஒன்றை முதல் நாள் இரவே தடவி ஊறவிட்டு, மறுநாள் தேய்ப்பது பழைய கார் வைத்திருப்பவர்களின் வழக்கம். நிறம் திரும்பியதும் அதே நாள் வாக்ஸ் போட்டு மூடிவிட வேண்டும். வெளுக்க வைத்த வெயில் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. விளிம்புகளில், மடிப்புகளில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே பெயின்ட் ஏற்கெனவே மெலிந்திருக்கும், அடிப்பூச்சான ப்ரைமர் எட்டிப் பார்த்துவிடும்.

வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி கீறல்

தூசியைக் காய்ந்த துணியால் தினமும் துடைத்ததன் பலன். அபார்ட்மென்டில் வாட்ச்மேனோ கார் துடைக்க வரும் பையனோ ஒரே வாளித் தண்ணீரில், ஒரே துணியில், வரிசையாகப் பத்து காரைத் துடைப்பதும் இதே கணக்குதான்.

கீறல் என்பது அழுக்கு இல்லை, அதனால் கரைக்கவோ இழுக்கவோ எதுவும் இல்லை. சில கிளீனர்களில் கீறலை நிரப்பும் எண்ணெய் கலந்திருக்கும். போட்ட அன்று மாயமாகிவிடும், நாலைந்து முறை கழுவியதும் அப்படியே திரும்பி வரும். கல்யாணத்துக்குக் கார் கொடுக்கிறீர்கள் என்றால் அது போதும். நிரந்தரமாக வேண்டுமென்றால் பாலிஷ்தான், காம்பவுண்ட் அல்ல. பாலிஷ் நுண்ணியது, காம்பவுண்ட் கரடு. கடையில் இரண்டையும் ஒரே பெயரில் சொல்வார்கள் என்பதால் "ஃபைன் கட்" என்று கேட்டு வாங்குங்கள்.

நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கி நின்றால் அது பாலிஷின் எல்லையைத் தாண்டிவிட்டது. அதன் மேல் வாக்ஸ் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

ரூஃபிலும் பானெட்டிலும் வெளுத்த திட்டு, ஓரம் உரிகிறது

கிளியர் கோட் செத்துவிட்டது. கிளீனர், க்ளே, காம்பவுண்ட் எதற்கும் இங்கே வேலையில்லை. தேய்த்தால் உரியும் பரப்பு கூடும். அந்தப் பாகத்துக்கு மறுபெயின்ட்தான். அதுவரை அந்த ஓரத்தைச் சுற்றிக் கை வைக்காமல் மற்ற இடங்களுக்கு மட்டும் வாக்ஸ் போடுங்கள்.

பறவை எச்சம் போய்விட்டது, தடம் போகவில்லை

வெயிலில் கிளியர் கோட் லேசாக இளகும், ஆறும்போது காய்ந்து கிடக்கும் எச்சத்தைச் சுற்றி இறுகும். எச்சத்தின் அமிலம் ஒரு பக்கம் வேலை செய்யும். மிஞ்சுவது அச்சு எடுத்தது போன்ற மங்கல். கரைக்கும் கிளீனரை ஒருமுறை முயன்று பாருங்கள், மாறாவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் கையால் பாலிஷ். இனிமேல் எச்சத்தைப் பார்த்தால் ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டுத் தூக்குங்கள். காய்ந்ததைத் தேய்க்க வேண்டாம், தானியத் தொலியும் மண்ணும் அதற்குள் இருக்கும்.

எல்லாம் செய்தும் வாக்ஸ் திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது, துடைத்தால் வரவில்லை

பத்தில் எட்டுக்கு வாக்ஸை அப்பியதுதான் காரணம். வாக்ஸ் தடிமனாக இருந்தால் கூடுதலாகக் காக்கும் என்பது நினைப்புதான். துடைத்தெடுத்த பிறகு தங்குவது ஒரு மெல்லிய படலமே, மீதி துணியில் போகிறது. வராமல் அடம்பிடிக்கும் திட்டின் மேல் அதே வாக்ஸைத் துளி தடவுங்கள். புது வாக்ஸின் கரைப்பான் பழையதை இளக்கும், உடனே துடைத்துவிடலாம்.

மிச்ச கேஸ்களில் குற்றவாளி, கிளீனரோ பாலிஷோ விட்டுப்போன எண்ணெய். பனை வகை மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் கர்னாபா வாக்ஸ் இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். வாக்ஸுக்குப் பதிலாகப் போடும் செயற்கைப் பூச்சான பாலிமர் சீலன்ட் பொறுக்காது, அது வெறும் பெயின்டில்தான் பிடிக்கும். சீலன்ட் போடுவதாக இருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து, ஆல்கஹால் பத்து, பதினைந்து சதவீதம் இருந்தால் போதும், மைக்ரோஃபைபரில் தொட்டு ஒரு துடை துடைத்துவிட்டுப் போடுங்கள்.

கறுப்பு பிளாஸ்டிக் பட்டையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருப்பதும் கிளீனரிலிருக்கும் பொடிதான். காய்ந்துவிட்டால் பழைய டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தேய்க்க வேண்டும். அடுத்த முறை முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள்.

வாக்ஸ் ஒரு மாதம்கூட நிற்கவில்லை

வாக்ஸைத் திட்டுவதற்கு முன் எதில் கழுவுகிறீர்கள் என்று பாருங்கள். துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் கழுவும் திரவமும் எண்ணெய்ப் பசையை எடுக்கவே செய்யப்பட்டவை, வாக்ஸையும் எடுத்துக்கொண்டு போய்விடும். கார் ஷாம்பு என்றால், வாளிக்கு ஒரு மூடி போதும்.

அடுத்து, வாக்ஸ் உண்மையில் போய்விட்டதா என்று பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் விரிகிறதென்றால் வாக்ஸின் மேல் அழுக்குப் படிந்திருக்கவும் கூடும். நன்றாக ஷாம்பு போட்டுக் கழுவியதும் முத்து திரும்ப வந்தால் வாக்ஸ் அங்கேயேதான் இருக்கிறது. வரவில்லையென்றால் கவர் சோதனை. வழவழப்பாக இருந்தால் க்ளேயும் வேண்டாம், கிளீனரும் வேண்டாம், நேராக அடுத்த கோட் வாக்ஸ் போடலாம். கரகரத்தால் மட்டும் முதல் அறிகுறியிலிருந்து தொடங்குங்கள். தெருவில் நிற்கும் காருக்கு அது வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் தேவைப்படாது.